காய் பிடித்த தக்காளிச் செடியில் இலை தழைக்கச் செய்வது எப்படி: பட்டுத் தெரிந்துகொண்ட படிகள்

பூ வரும்வரை தக்காளி வளர்ப்பது பெரிய வேலை இல்லை. தண்ணீர் ஊற்றினால் வளர்ந்துவிடும். காய் பிடித்த பிறகுதான் தலைவலி தொடங்குகிறது. அடியிலை மஞ்சளாகும், நடுவிலை சுருளும், உச்சியில் வருகிற புது இலை சிறுத்துப்போகும். காய்கள் மட்டும் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மூன்று வாரத்தில் செடி வெறும் குச்சியாகி, நிழலில்லாத காய்களின் தோள் வெயிலில் வெந்து வெள்ளைத் திட்டாகிவிடும்.

முதல் இரண்டு முறை எனக்கும் சரிவரவில்லை. முதல் முறை, இலையைக் குறைத்தால் சத்தெல்லாம் காய்க்குப் போகும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரே நாளில் பாதி இலையைக் கிள்ளி எறிந்தேன். காய் வெந்தது. அடுத்த முறை, இலைதானே வேண்டும் என்று யூரியாவை ஒரு பிடி அள்ளித் தூரில் போட்டேன். இலை வந்தது, கம்பே தெரியாத அளவுக்கு வந்தது. ஆனால் பூவெல்லாம் கொட்டிவிட்டது.

காய் ஏறியதும் செடி தன் சர்க்கரையையும் சத்தையும் முதலில் காய்க்குத்தான் அனுப்பும். மண்ணிலிருந்து வருவது போதாவிட்டால் பழைய இலையிலிருந்து உருவி எடுத்துக் கொடுக்கும். அந்தச் சர்க்கரையைச் செய்வதும் இலைதான். ஒரு கொத்துக்குப் பக்கத்திலும் சற்றுக் கீழேயும் உள்ள இலைகளே பெரும்பாலும் அந்தக் கொத்துக்குச் சோறு போடுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள். குறிப்பாக 3-ஆம் படியைத் தாண்டி நேராக உரத்துக்குப் போய்விடாதீர்கள். நான் போனேன்.

1. உங்கள் செடி புதர் வகையா, கொடி வகையா?

தக்காளியில் இரண்டு போக்கு உண்டு. ஒன்று, ஓர் உயரம் வந்ததும் கிளை நுனியிலேயே பூங்கொத்து விட்டு வளர்ச்சியை முடித்துக்கொள்ளும் புதர் வகை. இன்னொன்று, பருவம் முழுக்க நீண்டுகொண்டே போகும் கொடி வகை.

புதர் வகையில், காய் ஏறிய பிறகு புது இலை அதிகம் வராது. இருக்கிற இலையைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை. கொடி வகையில் உச்சி தொடர்ந்து வளரும், புது இலையை எதிர்பார்க்கலாம். இது தெரியாமல் புதர் வகைச் செடிக்கு உரத்தை ஊற்றிவிட்டு, ஏன் தழையவில்லை என்று உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தால் பயனில்லை.

விதைப் பொட்டலத்தில் எழுதியிருக்கும். பொட்டலம் இல்லையென்றால் செடியைப் பாருங்கள். ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவில் சீராக மூன்று இலை இருந்தால் அநேகமாகக் கொடி வகை. ஒன்று, இரண்டு இலைக்கே கொத்து வந்து, கிளை நுனியும் கொத்திலேயே முடிந்திருந்தால் புதர் வகை.

2. காகிதங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

செடி வளர்க்கக் காகிதம் எதற்கு என்று நானும் கேட்டவன்தான். நான்கு வேண்டும்.

விதைப் பொட்டலம்: வகையும், எத்தனை நாளில் காய்க்கும் என்பதும் அதில் இருக்கும். கிழித்து எறிய வேண்டாம்.

உரப் பையின் லேபிள்: மூன்று எண்கள் இருக்கும், உதாரணமாக 19-19-19. முதல் எண் தழைச்சத்து (நைட்ரஜன்), இரண்டாவது மணிச்சத்து (பாஸ்பரஸ்), மூன்றாவது சாம்பல் சத்து (பொட்டாசியம்), எல்லாம் சதவீதத்தில். சில்லறையாக வாங்கிய உரத்தை வேறு டப்பாவில் கொட்டி வைப்பவர்கள் இந்த எண்ணை டப்பா மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். வெள்ளைத் தூள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும்.

மண் பரிசோதனை அறிக்கை: இதை நடுவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஐந்தாறு இடத்தில் 15 செ.மீ. ஆழம்வரை மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு பகுதியை அனுப்ப வேண்டும். அதில் முதலில் பார்க்க வேண்டியது பி.எச்., அதாவது மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு. தக்காளிக்கு 6.0 முதல் 6.8 வரை சௌகரியம். அதற்கு மேலே ஏற ஏற, மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுப்பது கஷ்டமாகும். செடி இப்போதே காய்த்துக்கொண்டிருக்கிறது, அறிக்கைக்குக் காத்திருக்க நேரமில்லை என்றால், பி.எச். தாளை வைத்தாவது ஒரு மதிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டு: என்றைக்கு என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம், ஒரு வாரம் கழித்து உச்சி இலை எப்படி இருந்தது. மூன்று வரி போதும். உரம் போட்டது ஞாபகமில்லாமல் நான்கு நாளில் மறுபடி போட்டு வேர் கருகியவர்களில் நானும் ஒருவன்.

3. எந்த இலை முதலில் மாறியது என்று பாருங்கள்

வேலையில் பாதி இதுதான். காலையில், வெயில் ஏறுமுன், செடிக்கு முன் உட்கார்ந்து அடியிலிருந்து மேலாகப் பாருங்கள். நிறத்தைவிட இடம்தான் முக்கியம்.

தழைச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் மூன்றும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி இவற்றைப் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கோ காய்க்கோ அனுப்பிவிடும். அதனால் குறை அடியிலையில் தெரியும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) அப்படி நகராது, ஓர் இலையில் சேர்ந்தால் சேர்ந்ததுதான். அவற்றின் குறை கொழுந்தில் தெரியும்.

அடியிலை நரம்பு உட்பட மொத்தமாக வெளிறி மஞ்சளாகி, மேல் இலையும் வெளிர் பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறை. காய்க்கும் செடியில் அதிகம் வருவது இது.

அடியிலை அல்லது நடுவிலையில் நரம்பு பச்சையாகவே நிற்க, நரம்புக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பச்சை நூலால் வலை பின்னியதுபோல் தெரியும். காய் நிறைய ஏறிய நேரத்தில், அதுவும் சாம்பல் சத்து உரம் தாராளமாகப் போட்ட செடியில் இது சகஜம். சாம்பல் சத்து மிகுந்தால் மெக்னீசியத்தை வேர் எடுப்பது குறைந்துவிடும்.

அடியிலையின் ஓரம் மட்டும் தீய்ந்து பழுப்பானால் சாம்பல் சத்துக் குறையாக இருக்கலாம். ஆனால் தொட்டிச் செடியில், மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அது குறையில்லை, உரம் மிஞ்சியதன் அடையாளம். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். அவசரப்படாதீர்கள்.

கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு. இதற்குக் காரணம் பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாதது இல்லை. பி.எச். ஏறியிருக்கும், அல்லது மண் ஈரமாகவே கிடந்து வேர் மூச்சுவிட முடியாமல் இருக்கும்.

அடியிலை நீளவாக்கில் மேல்நோக்கிச் சுருண்டு, தொட்டால் தோல்போல் தடிப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். வெப்பம், தண்ணீர்த் தட்டுப்பாடு, அதிகக் கவாத்து (இலை, கிளைகளைக் கிள்ளி எடுப்பது) ஆகியவற்றால் வரும் சுருட்டல் அது. காய்க்குப் பாதிப்பில்லை. அதே சுருட்டல் உச்சியில் வந்து, புது இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகிக் கிண்ணம்போல் குவிந்து, செடி வளராமல் நின்றுவிட்டால் அது வேறு. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. 9-ஆம் படிக்குப் போங்கள்.

இன்னொன்று: இலை கரும்பச்சையாக, தடித்து, கீழ்நோக்கி வளைந்து, தண்டு கட்டைவிரலைவிடப் பருத்து, பூ உதிர்ந்துகொண்டிருந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. இந்தச் செடிக்கு எதுவும் போடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

ஒரே ஒரு அடியிலை, அதுவும் காய் பழுத்து முடிந்த கொத்துக்குக் கீழே உள்ளது, மஞ்சளானால் அது வயது. விட்டுவிடுங்கள்.

4. உரத்துக்கு முன் தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

வேர் எடுக்கும் சத்தெல்லாம் தண்ணீரில் கரைந்துதான் போகிறது. மண் ஒருநாள் வறண்டு, ஒருநாள் சேறாக இருந்தால் எந்த உரமும் வேலை செய்யாது.

ஆள்காட்டி விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விடுங்கள், ஏறக்குறைய 5 செ.மீ. அங்கே ஈரம் இல்லையென்றால் ஊற்றுங்கள், இருந்தால் வேண்டாம். ஊற்றும்போது ஆழமாக ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை தெளிப்பதால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தரையில் உள்ள செடிக்கு வாரத்தில் இரண்டு, மூன்று முறை நன்றாக நனைத்தால் வேர் கீழே இறங்கும். தொட்டியில் அப்படி முடியாது. காய்த்து நிற்கும் பெரிய செடி வெயில் நாளில் 2, 3 லிட்டர் சாதாரணமாகக் குடித்துவிடும், சில நாளில் இருவேளையும் கேட்கும். தொட்டி 20 லிட்டருக்குக் குறைவு என்றால் கொடி வகை கடைசிவரை தழைத்து நிற்பது கஷ்டம். அதை உரத்தால் ஈடுகட்ட முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை: நண்பகலில் இலை தொங்கினால் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேர் அனுப்பும் வேகத்தைவிட இலை நீரை வேகமாக விடுகிறது, அவ்வளவுதான். மாலையில் தானாக நிமிரும். காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலை. அப்போதும் முதலில் விரலை விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால், தண்ணீர் மிஞ்சி வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம், அல்லது வாடல் நோயாக இருக்கலாம். இன்னும் ஊற்றினால் முடிந்தது.

தொட்டியில் உப்புப் பூத்திருந்தால், தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக ஓடவிடுங்கள். அடுத்த ஒரு வாரம் உரம் வேண்டாம்.

5. மண் அணைத்துப் புது வேர் விடச் செய்யுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, தற்செயலாகத்தான் தெரிந்தது. மழையில் தூர்மண் கரைந்து வேர் வெளியே தெரிந்த ஒரு செடிக்கு மட்டும் மட்கு உரத்தை அள்ளிக் குவித்து வைத்தேன். மூன்று வாரத்தில் அது பக்கத்துச் செடிகளைவிடப் பச்சையாக நின்றது.

தக்காளித் தண்டின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் தெரியும், கொப்புளம்போல. அவை வேர் முனைகள். ஈரமண் பட்டால் வேராகிவிடும். எனவே அடியிலை உதிர்ந்து வெறுமையான தண்டைச் சுற்றி, மண்ணும் மட்கு உரமும் சமமாகக் கலந்து 5 முதல் 8 செ.மீ. உயரத்துக்கு அணைத்துவிடுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் புது வேர் இறங்கும். பழைய வேரைக் கொத்திக் கிளறிவிட வேண்டாம். காய்க்கும் நேரத்தில் களைக்கொத்து பட்டு வேர் அறுந்தால் செடி தேற நாளாகும். ஒட்டுச்செடி என்றால் மட்டும் ஒட்டிய இடம்வரை மண் போகக்கூடாது.

அதற்கு மேல் காய்ந்த சருகோ வைக்கோலோ 5 செ.மீ. கனத்தில் மூடாக்குப் போடுங்கள். ஈரம் நிற்கும், வேர்ப்பகுதி சூடேறாது, மழைத்துளி மண்ணைத் தெறித்து அடியிலையில் பூஞ்சணத்தைச் சேர்ப்பதும் குறையும். களைக்கொல்லி அடித்த வயலின் வைக்கோலாக இருக்கக்கூடாது. சில களைக்கொல்லிகள் வைக்கோலிலும், அதைத் தின்ற மாட்டின் சாணத்திலும்கூட மாதக்கணக்கில் நிற்கும். தக்காளிக் கொழுந்து நூல்போல் முறுக்கிக்கொண்டு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

6. உரம்: கொஞ்சமாக, அடிக்கடி

எப்போது தொடங்குவது? முதல் கொத்தின் காய் கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும். அதற்கு முன் தழைச்சத்தை ஏற்றினால் பூ கொட்டும். அதற்குப் பிறகும் தாமதித்தால் அடியிலை போகும்.

எவ்வளவு? தண்ணீரில் கரையும் உரம் என்றால் லிட்டருக்கு 2 கிராம், செடிக்கு ஒரு லிட்டர், வாரம் ஒரு முறை. ஈரமண்ணில்தான் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. 19-19-19 உரம் 2 கிராமில் தழைச்சத்து 0.38 கிராம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். அன்று நான் அள்ளிப் போட்ட ஒரு பிடி 40 கிராமாவது இருக்கும், அதாவது 18 கிராமுக்கு மேல் தழைச்சத்து. 48 வாரத்துக்கான தவணையை ஒரே காலையில் கொடுத்திருக்கிறேன்! பூ கொட்டியதில் என்ன ஆச்சரியம்? யூரியாதான் இருக்கிறது என்றால், 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள்.

எந்த உரம்? காய் ஏறிய பிறகு மூன்றாவது எண் முதல் எண்ணைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நல்லது. இலைதானே வேண்டும், எதற்குச் சாம்பல் சத்து என்று தோன்றும். காய் அதைத்தான் அதிகமாக இழுக்கிறது. மண்ணில் கிடைக்காவிட்டால் இலையிலிருந்து எடுக்கும், இலை ஓரம் தீயும். இலையைக் காப்பாற்ற வேண்டுமானால் காயின் பசியை முதலில் அடக்க வேண்டும்.

தழைச்சத்து மட்டும் குறைவாகத் தெரிந்தால் கால்சியம் நைட்ரேட் நல்லது. சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கும். அமோனியா வகைத் தழைச்சத்து மிஞ்சினால் வேர் சுண்ணாம்புச் சத்தை எடுப்பது குறைந்து, காயின் அடி கறுத்து அழுகும். ஒரு எச்சரிக்கை: கால்சியம் நைட்ரேட்டை எப்சம் உப்போடும் (மெக்னீசியம் சல்பேட்), மணிச்சத்து உள்ள உரத்தோடும் அடர்த்தியாக ஒரே வாளியில் கலக்காதீர்கள். கட்டியாகி அடியில் தங்கிவிடும், வேருக்குப் போகாது.

ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை செடிக்கு இரண்டு பிடி மண்புழு உரத்தை மூடாக்குக்கு அடியில் பரப்பித் தண்ணீர் விடுங்கள். பிண்ணாக்கைப் புளிக்கவைத்து நன்றாக நீர்த்து ஊற்றலாம், அதில் தழைச்சத்து நிறைய. இவை மெதுவாகத்தான் வேலை செய்யும், எனவே இலை மஞ்சளாகும்வரை காத்திருக்காமல் முதல் காய் பிடிக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். மரச்சாம்பலில் தழைச்சத்து கிடையாது, பி.எச். அளவையும் ஏற்றிவிடும். முட்டை ஓடு மட்கி வருவதற்குள் இந்தச் செடியின் ஆயுளே முடிந்துவிடும். இரண்டையும் இலைக்காகப் போட்டுப் பிரயோசனமில்லை.

7. இலைவழித் தெளிப்பு எப்போது உதவும்

மெக்னீசியக் குறைக்கு உதவும். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை. குறை இல்லாத செடிக்குச் சும்மா தெளிக்காதீர்கள். மெக்னீசியம் மிஞ்சினால் சுண்ணாம்புச் சத்துக்கு வழி அடைபடும், காய் அடி அழுகும்.

இரும்புக் குறைக்கு, செலேட் செய்த இரும்பு, அதாவது செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் விற்கும் இரும்பு. அளவு லேபிளில் உள்ளபடி.

காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடியுங்கள். மாலையில் அடித்தால் இருட்டுமுன் காய நேரம் இருக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதில் அடியுங்கள். தழைச்சத்து முழுவதையும் இலைவழியாகவே கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த அளவுக்குக் கரைத்தால் இலை வெந்துவிடும்.

8. கவாத்து: கை அரிப்பை அடக்குங்கள்

காய் வெளியே தெரிய வேண்டும், அப்போதுதான் பழுக்கும் என்று இலையைக் கிள்ளுபவர்கள் உண்டு. தக்காளி பழுக்க வெயில் அதன்மேல் பட வேண்டியதில்லை, அளவான வெப்பம் போதும். வெயில் நேராகப் பட்டால்தான் வெந்துபோகிறது.

எடுக்க வேண்டியவை: மண்ணைத் தொடும் இலைகள், புள்ளி விழுந்த இலைகள், முழுக்க மஞ்சளான இலைகள். செடி உயரமானதும் மண்ணிலிருந்து 30 செ.மீ. வரை வெறுமையாக இருக்கலாம். பழுத்துக்கொண்டிருக்கும் கொத்துக்குக் கீழே உள்ள இலைகளை வாரம் இரண்டு, மூன்றாக எடுக்கலாம். கொடி வகையில் எப்போதும் 15 நல்ல இலைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

பக்கக்கிளை விஷயத்தில்தான் எனக்கு ஒரு நல்ல தந்திரம் கிடைத்தது. இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் முளைக்கும் பக்கக்கிளையைக் கொடி வகையில் அடியோடு கிள்ளுவது வழக்கம். இலை குறைவாக இருக்கும் செடியில் அப்படிச் செய்யாமல், அது இரண்டு இலை விடும்வரை பொறுத்து, நுனியை மட்டும் கிள்ளுங்கள். இதற்கு மிசௌரி முறை என்று பெயர். கிளை நீளாது, ஆனால் அந்த இரண்டு இலையும் பெருத்து, பக்கத்துக் கொத்துக்கு நிழலும் சோறும் தரும். காய்க்கொத்துக்கு மேலே உள்ள இடுக்குகளில் மட்டும் செய்தாலே செடி மூடிக்கொள்கிறது. அந்த இலையின் இடுக்கிலிருந்து மறுபடி முளை வரும், வாரம் ஒரு முறை பார்த்துக் கிள்ள வேண்டும்.

புதர் வகையில் பக்கக்கிளையைத் தொடவே தொடாதீர்கள். காய் அதில்தான் வரும்.

செடியின் மேல் ஈரம் இல்லாதபோது, வெயில் நாள் காலையில், விரலாலேயே கிள்ளுங்கள். புகையிலை தொட்ட கையாக இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். புகையிலைத் தேமல் வைரஸ் தக்காளிக்கும் வரும்.

9. இலையைத் தின்கிறவை, கெடுக்கிறவை

வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சிகள் பெரும்பாலும் அடிப்பக்கம்தான் குடியிருக்கும்.

மேலே ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை: செஞ்சிலந்தி. வறண்ட வெப்பத்தில் வரும். பல பூச்சிக்கொல்லிகள் இதற்கு வேலை செய்யாது, ஏனென்றால் இது பூச்சி இனமே இல்லை. அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி மூன்று நாளுக்கு ஒரு முறை கழுவினால் பெரும்பகுதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், மாலையில்.

அடியிலையில் வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளிகள்: இலைக்கருகல். அந்த இலைகளை எடுத்து அப்புறப்படுத்துங்கள், மட்குக் குழியில் போட வேண்டாம். இலை நனையாமல் தூரில் தண்ணீர் விடுங்கள். செடிகள் ஒன்றோடொன்று உரசினால் நடுவே காற்று போக வழிசெய்யுங்கள்.

குளிர்ந்த ஈரமான நாட்களில், எண்ணெய் பட்டதுபோல் பெரிய கரும்பச்சைத் திட்டு தோன்றி, இரண்டு மூன்று நாளில் கிளையே கருகினால் அது பின்கருகல். அங்கே இலையைக் காப்பாற்றும் பேச்சே இல்லை. செடியைப் பிடுங்கி மற்றதைக் காப்பாற்றுங்கள். இலைச்சுருட்டு வைரஸ் வந்த செடிக்கும் இதே முடிவு. பிடுங்குமுன் வெள்ளை ஈ பறந்து பக்கத்துச் செடிக்குப் போகாதபடி ஒரு பையால் மூடிக்கொள்ளுங்கள். காயோடு பிடுங்க மனம் வராது. நான் ஒருமுறை இரக்கப்பட்டு ஒரு வாரம் விட்டுவைத்ததில் மூன்று செடி போனது.

மருந்து எதுவானாலும், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது லேபிளில் இருக்கும். காய் தொங்கும் செடியில் முதலில் படிக்க வேண்டிய வரி அது.

10. செலவும் நாளும்

காசு செலவில்லாதவை முதலில்: தண்ணீரைச் சீராக்குவது, மூடாக்கு, கிள்ளாமல் இருப்பது. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் பிரச்சினை இதிலேயே அடங்கிவிட்டது. செலவு செய்வதென்றால் மண் பரிசோதனைக்கும், கிராம் கணக்காக நிறுக்கும் ஒரு சின்னத் தராசுக்கும் செய்யுங்கள். 2 கிராமைக் கண்ணால் அளக்க முடியாது. "இலை ஊக்கி" என்று பளபளப்பான புட்டியில் வருபவற்றை, உள்ளே என்ன எத்தனை சதவீதம் என்று எழுதாவிட்டால், வாங்காதீர்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்? தழைச்சத்தும் எப்சம் தெளிப்பும் ஒரு வாரம் முதல் பத்து நாள். இரும்புத் தெளிப்பு சற்று முன்னதாகவே கொழுந்தில் தெரியும். அணைத்த மண்ணின் பலன் மூன்று வாரம். பார்க்க வேண்டியது எப்போதும் புது இலையை. நன்றாக மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாவது அபூர்வம். அதையே பார்த்துக்கொண்டு, உரம் வேலை செய்யவில்லை என்று மூன்றாம் நாளே மறுபடி போடுவதுதான் எல்லோரும் விழும் குழி.

எனவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் விட்டு நோட்டில் எழுதுங்கள். மாற்றம் செய்யும் அன்று காலையில், உச்சியில் கடைசியாக விரிந்த இலையின் காம்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி வைத்தால் வசதி. நூலுக்கு மேலே வந்ததெல்லாம் நீங்கள் மாற்றம் செய்த பிறகு விரிந்தது என்று குழப்பமில்லாமல் தெரியும்.

11. எப்போது நிறுத்துவது

பருவம் முடிய ஐந்து வாரம் இருக்கும்போது கொடி வகையின் உச்சியைக் கிள்ளிவிடுங்கள். கடைசிக் கொத்துக்கு மேல் இரண்டு இலையை விட்டுக் கிள்ள வேண்டும், கொத்தை ஒட்டிக் கிள்ளினால் அந்தக் காய்க்கு நிழல் இருக்காது. அதற்குப் பிறகு தழைச்சத்து வேண்டாம், வரும் இலை பயன்தருமுன் பருவம் முடிந்துவிடும். கடைசி இரண்டு வாரம் வெறும் தண்ணீர் போதும். அப்போது அடியிலை மஞ்சளானால் கத்தரியைத் தேடி ஓட வேண்டாம், காய் பறிக்கும்போது கையோடு எடுத்துவிடலாம்.